பாதிப் பலம்

1990களில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் பட்டாணிப் பொட்டலங்களோடு டிரம்ப் கார்டுக் கட்டுகளும் தொங்கின. அமெரிக்க டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்லர்கள் அட்டைக்கு ஒருவராக அதில் நின்றார்கள். மேலே படம், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, மோதிய சண்டை, வென்ற சண்டை. முறை வந்தவன் இவற்றில் ஒன்றைச் சொல்லுவான். எண் பெரிதாக (ரேங்க் என்றால் சிறிதாக) இருப்பவனிடம் மற்றவன் தன் அட்டையைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு சண்டையைக்கூடப் பார்க்காதவனும் இதை ஆடலாம், வெல்லவும் செய்யலாம். மல்லனை மல்லனாக்கிய எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிஞ்சிய எண்களை மட்டும் வைத்து ஆடிய ஆட்டம் அது. இதே கழித்தல், இன்னும் நுட்பமான வடிவில், 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலும் இருந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கேம் மாஸ்டர் விவரிக்கும் மாய உலகத்துக்குள் பேச்சாலேயே நடமாடுவார்கள். சந்தேகம் வருகிற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். பாத்திரம் வேண்டுமென்றால் மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி வலிமை, லாகவம், உடலுறுதி, அறிவு, விவேகம், ஈர்ப்பு என்று ஆறு எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். எண்கள் வந்துவிடும். ஆள் வருவதுதான் பாடு.

அந்த ஆளை வரவழைக்கத் தொழில்முறை மல்யுத்தத்திடம் போகலாம் என்ற யோசனை இந்த விளையாட்டுக்காரர்களிடையே உண்டு. நேதன் பவோலெட்டா 2015இல் வெளியிட்ட 'வேர்ல்ட் வைட் ரெஸ்லிங்' என்ற மேசை விளையாட்டு அந்த யோசனையை முழுவதுமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது: அதில் பார்வையாளரின் வரவேற்பே ஓர் அளவு, இரண்டு பாத்திரங்களுக்கு இடையே உள்ள உறவின் சூடு இன்னோர் அளவு. ஆனால் மாயக்கதை விளையாட்டுக்கு மல்யுத்தத்திலிருந்து கடன் வாங்குகிறவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வது பளபளக்கும் உடையை, உரத்த குரலை, ஆளை ஒரேயடியாக வீழ்த்தும் கடைசிப் பிடியை. இவை எல்லாம் டிரம்ப் கார்டின் படத்தோடு சேர்ந்தவை; ஓர் எண்ணுக்குப் பதில் ஓர் அலங்காரம், அவ்வளவுதான். மல்யுத்தம் உண்மையில் கற்றுத்தரக்கூடியது வேறு. பாத்திரம் என்பது ஒருவன் தன்னிடம் வைத்திருக்கும் பலம் அல்ல, எதிரே நிற்பவனுக்கும் பார்த்திருப்பவர்களுக்கும் அவன் கொடுக்கும் ஒன்று என்பதே அது. இதைக் கற்க நமக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி கட்டாயம் இல்லை. புறநானூற்றில் இருக்கிறது, ஆண்டிபட்டி வட்டாரத்தில் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போடுகிற மேடையிலும் இருக்கிறது.

புறநானூற்றுக் காட்சியை முதலில் பார்க்கலாம். உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தந்தைக்கும் மகனுக்கும் ஆகாமல் போய், அவன் பிறந்த ஊரை விட்டு வேறிடத்தில் இருக்கிறான். கள்ளுக்குப் பேர்போன ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான். சாத்தந்தையார் அந்த மோதலையே படம்பிடிக்கிறார்: ஒரு கால் எதிராளியின் மார்பை அழுத்துகிறது, மறுகால் அவன் முதுகுப்புறம் வளைத்து நிற்கிறது. அதே மூச்சில், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதைத் தித்தன் வந்து பார்க்கட்டுமே என்று ஓர் ஆசையும் சொல்லிவிடுகிறார். சண்டையின் நடுவில் அங்கே இல்லாத அப்பனை இழுத்துவந்து உட்காரவைத்த அந்த வேலை சாதாரணமானதல்ல. இனி விழுகிற ஒவ்வொரு பிடியும் மல்லன்மேல் விழுவதோடு தித்தன்மேலும் விழும். நக்கண்ணையார் இன்னொரு பக்கத்திலிருந்து பேசுகிறார். அவர் அவன்மேல் காதல் கொண்டவர். இவனுக்கு இது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை என்பதால் வெற்றி வெற்றி என்று ஒரு கூட்டமும், வெற்றி இல்லை என்று ஒரு கூட்டமும் கத்துவதை அவர் கேட்கிறார். கிள்ளியின் உயரம் என்ன, எடை என்ன என்று இந்தப் பாட்டுகளில் எதுவும் இல்லை. அவன் யார் மகன், எந்த ஊர்க்காரன் இல்லை, யார் அவனுக்காகப் பதைக்கிறார்கள், யார் அவனை வெறுக்கிறார்கள் என்பவை மட்டும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு அளவுக்குப் பழைய ஒரு மல்லன் நமக்கு ஆளாக நிற்பதற்கு அவையே போதுமாக இருந்திருக்கின்றன. ஒரு மாயக்கதைப் பாத்திரத்தை எழுத உட்காருகிறவன் ஆறு எண்களுக்கு முன்னால் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பின்னால் 2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, பாத்திரத்தின் இலட்சியம், பற்று, குறை ஆகியவற்றையும் எழுதச் சொன்னது. தன் குறைக்கு ஏற்ப நடந்துகொண்டவனுக்குப் பகடையில் ஒரு சலுகையும் கொடுத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்தாவது விளையாட்டு சாத்தந்தையார் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

இனி மேடை. மதுரையிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால், தேனி, கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் திருவிழாக்காலத்தில் இசை நாடகம் போடும் ஊர்கள் உண்டு. ஸ்பெஷல் நாடகம் என்பதுதான் மக்கள் வழக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆக்கித்தந்த வள்ளி திருமணம் அதில் அதிகமாக ஆடப்படும் கதைகளில் ஒன்று. இந்த நாடகத்தின் விசேஷம், இதற்கு நிரந்தரக் குழுவும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது என்பது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூனும் டான்ஸும் ஆர்மோனியமும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வருவார்கள். ஒருவரையொருவர் அன்றிரவுதான் பார்க்கிறவர்களும் இருக்கலாம். இயக்குநர் என்று ஒருவர் இல்லை. ஆனாலும் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நாடகம் நடக்கும். எப்படி? இன்ன பார்ட் இன்னதைச் செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும்; எந்த இடத்தில் கையை நீட்டினால் எதிராளி பிடிப்பார் என்பதும் தெரியும். அமெரிக்க மல்யுத்தத்திலும் இதுதான் நடைமுறை. முன்பின் பழகாத இருவர், பிடிகளின் பொது இலக்கணம் ஒன்றை மட்டும் நம்பி, இருபது நிமிடச் சண்டையைக் கூட்டத்தின் முன்னாலேயே கட்டி எழுப்புவார்கள். ஊர்ச் சுவரில் ஒட்டப்படும் நாடக நோட்டீஸைப் பார்த்தால் இந்த உறவு இன்னும் துலக்கமாகும்: கதையின் பெயரைவிட நடிகர்களின் படமும் ஊரும் பட்டமும்தான் கண்ணில் அறையும். யாரோடு யார் மோதப்போகிறார்கள் என்பதற்கான அறிவிப்பு அது.

மோதல் என்பது மிகையான சொல் அல்ல. வள்ளி திருமணத்தில் கூட்டம் காத்திருப்பது தர்க்கத்துக்காக. வள்ளியும் நாரதரும், பிறகு வள்ளியும் வேலனும், கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு என்று எதிர்த்து நிற்பார்கள். முருகன்தான் மணக்கப்போகிறான் என்பது ஊர்க் குழந்தைக்கும் தெரியும்; ஆனால் இன்றைய இரவில் இந்த ராஜபார்ட் இந்த ஸ்திரீபார்ட்டிடம் திணறப்போகிறாரா என்பது யாருக்கும் தெரியாது. மேசை விளையாட்டில் மல்யுத்தத்தை முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்பவர்களின் முதல் வாதத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. மல்யுத்தத்தில் வெற்றியாளர் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவர், விளையாட்டிலோ பகடை விழும்வரை எதுவும் முடிவாகவில்லை, ஆகவே முன்னதிடமிருந்து பின்னது கற்க ஒன்றும் இல்லை என்பது அந்த வாதம். மல்யுத்தம் போட்டியல்ல, கேளிக்கை என்று வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுப்பாடுகளிலிருந்து தப்புவதற்காகச் சொன்ன உண்மை அது. அதற்குப் பின்னும் கூட்டம் கலையவில்லை. முடிவு தெரிந்திருப்பதோ தெரியாதிருப்பதோ பாத்திரத்தின் உயிரைத் தீர்மானிப்பதில்லை; முடிவை நோக்கிப் போகிற வழியில் ஒருவன் எதைப் பணயம் வைத்திருக்கிறான் என்பதே தீர்மானிக்கிறது. மெக்சிகோவின் முகமூடி மல்லர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே பெரிய சண்டையின் பணயம் முகமூடி. தோற்றவன் கூட்டத்தின் முன்னால் முகத்தைக் காட்டியாக வேண்டும். எல் சாந்தோ என்ற மல்லர் வாழ்நாள் முழுக்கத் தன் வெள்ளி முகமூடியை மேடையில் இழக்காதவர். 1984இல் இறந்தபோது அதோடேயே அடக்கம் செய்யப்பட்டார். மேசையில் ஒருவன் தன் மந்திரவாதிக்கு எத்தனை மந்திரம் தெரியும் என்று எழுதுவதைவிட, எதை இழந்தால் அவன் அவனாக இருக்க முடியாது என்று எழுதலாம். கர்ணனின் கவச குண்டலத்தை அறிந்த நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அந்த எதிர்வாதத்தில் ஓர் உண்மை மிஞ்சுகிறது. பகடை இரக்கமற்றது. இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால், எவ்வளவு பெரிய வீரனின் வாளும் காற்றை வெட்டும். மல்லனின் கதையை யாரோ ஒருவர் காப்பாற்றுகிறார். ஆட்டக்காரனின் கதையை யாரும் காப்பாற்றுவதில்லை. ஆகவே மல்யுத்தத்தின் கதைத் திட்டத்தைக் கடன் வாங்க முடியாதுதான். கடன் வாங்க வேண்டியது தோல்வியை வாங்கிக்கொள்ளும் கலையை. அடி வாங்கியவன் அந்த அடிக்கு மதிப்பு ஏற்படும்படி துவள்வதையும் தள்ளாடுவதையும் அந்தத் தொழிலில் 'செல்லிங்' என்பார்கள். மல்யுத்தத்தின் மொத்தக் கட்டடமும் இந்த ஒற்றைத் தூணின்மேல்தான் நிற்கிறது. அடிக்கிறவன் பலசாலி என்பதை அடிக்கிறவன் நிறுவ முடியாது. விழுகிறவன்தான் நிறுவ வேண்டும். வாலியின் வரத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: எதிரே வந்து நிற்பவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும். மாயக்கதை விளையாட்டுக்காக யாரோ இன்றைக்கு வகுத்த விதி என்று சொன்னாலும் நம்பலாம். அவ்வளவு கச்சிதமானது, அவ்வளவு ஆபத்தானதும்கூட. அப்படி ஒருவனோடு நேருக்கு நேர் நிற்பதற்கு வழியே இல்லாததால்தான் ராமன் மறைந்து நிற்க வேண்டியதாயிற்று, சுக்ரீவன் கழுத்தில் மாலை போட்டு அடையாளம் காண வேண்டியதாயிற்று. நல்ல மல்லன் வாலிக்கு நேர்மாறானவன். தன் பலத்தில் பாதியை எடுத்து எதிராளிக்குக் கொடுக்கிறவன். ஸ்பெஷல் நாடகத்திலும் அடி விழுகிற ஓசையை ஆல்ரவுண்ட் என்ற தாள வாத்தியத்தை வாசிப்பவர் கொடுப்பார். ஆனால் அடி விழுந்ததாக நம்மை நம்பவைப்பது, துள்ளி விழும் பபூனின் உடம்பு.

மேசைக்கு இதைக் கொண்டுவந்தால் என்ன மாறும் என்று எண்ணிப் பாருங்கள். வழக்கமான மேசையில் ஒருவனின் முறை வரும்போது மற்ற நால்வரும் தங்கள் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அடிபட்டவன் பன்னிரண்டு புள்ளி குறைந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். எண் எண்ணைத் தின்கிறது, டிரம்ப் கார்டு போலவே. இதற்குப் பதில், அந்தப் பன்னிரண்டு புள்ளிகள் எங்கே விழுந்தன, யார் பார்த்திருக்க விழுந்தன, எழுந்து நின்றபோது அவன் முதலில் யாரைப் பார்த்தான் என்று அடிபட்டவன் சொன்னால், பூதத்தின் கை பெரிதாகிறது. அந்தப் பூதத்தைப் பிறகு வெட்டப்போகிற தோழனின் வாளும் பெரிதாகிறது. தோற்பதால் பாத்திரம் சிறுத்துவிடும் என்ற அச்சம் புதிய ஆட்டக்காரர்களிடம் ஆழமாக இருக்கிறது. அண்டர்டேக்கரின் கதை அதற்கு எதிர்ச்சாட்சி. 1990இல் அறிமுகமான அந்த மல்லர், மணியோசைக்கும் இருட்டுக்கும் நடுவே மெதுவாக நடந்துவரும் நடையாலேயே அறியப்பட்டவர்; ரெஸ்ல்மேனியா என்ற பெரிய மல்யுத்த நிகழ்ச்சியின் மேடையில் 21 முறை தோற்காதவர். 2014இல் பிராக் லெஸ்னரிடம் தோற்றபோது அரங்கத்தில் விழுந்த மௌனம் அதற்கு முன்பிருந்த இருபத்தோரு வெற்றிகளில் எதற்கும் கிடைக்காதது. அந்த வெற்றிகள் எல்லாம் அந்தத் தோல்விக்காகச் சேர்த்துவைத்த முதலாகிவிட்டன. பகடையில் ஒன்று விழுவதை அவமானமாக நினைக்காமல், சேர்த்த முதலைச் செலவிடும் தருணமாகக் கொள்ளும் ஆட்டக்காரன் மல்லர்களிடமிருந்து கற்கவேண்டியதைக் கற்றுவிட்டான்.

நுழைவைப் பற்றியும் ஒரு சொல். 1940களிலும் 50களிலும் ஆடிய கார்ஜியஸ் ஜார்ஜ், இசையோடும் அங்கியோடும், வாசனைத் தைலம் தெளிக்கும் பணியாளோடும் மேடைக்கு வருவதையே பாதிச் சண்டையாக்கினார். முகம்மது அலியே அவரிடமிருந்து வாய்வீச்சைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வாடிவாசல் திறப்பதற்குள் இன்ன ஊர் இன்னார் மாடு என்று ஒலிபெருக்கி முழங்கிவிடும்; மாட்டுக்கு முன்னால் மாட்டின் பேர் களத்துக்குள் வந்துவிடுகிறது. (மாடு இதையெல்லாம் சட்டை செய்வதில்லை என்பது வேறு விஷயம்.) கவனிக்க வேண்டியது, அந்தப் பேரைச் சொல்வது மாடு அல்ல, மற்றொருவர் என்பதைத்தான். மேசையில் ஒருவன் தன் வீரனின் பெருமையைத் தானே பத்து நிமிடம் பேசினால் சலிக்கும். பக்கத்தில் இருப்பவன் ஒரு வரி சொன்னால் எடுபடும். பெரிய பாத்திரம் வைத்திருப்பவன் மேசையையே விழுங்கிவிடுவான் என்ற ஆட்சேபத்துக்கும் மருந்து இதிலேயே இருக்கிறது. மல்யுத்த நடுவர் விதிகளைப் பார்ப்பவர் மட்டும் அல்ல. நேரம் ஆகிறது, முடித்துக்கொள்ளுங்கள் என்று மல்லர்களின் காதில் சொல்லுகிறவரும் அவர்தான். கேம் மாஸ்டர் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னும் கனமான ஆட்சேபம், இப்படிப்பட்ட பாத்திரங்கள் தட்டையானவை என்பது. நல்லவன் நல்லவனாகவே இருப்பான், கெட்டவன் நுழையும்போதே கெட்டவன் என்று தெரியும், உள்ளம் என்ற ஒன்று இருக்காது என்பார்கள். ரோலாண் பார்த் 1957இல் வெளியான தன் 'மித்தாலஜீஸ்' நூலில் மல்யுத்தத்தைப் பற்றி எழுதியபோது இந்தத் தட்டைத்தனத்தையே அதன் மேன்மையாகக் கண்டார். உட்பொருள் முழுவதும் வெளியே வந்துவிடுகிற கலை என்று கொண்டார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வெளிப்படையான வேடம் உள்ளத்தை மறுப்பதில்லை, அதற்கு ஒரு சுவரைக் கட்டித்தருகிறது என்றே நினைக்கிறேன். சுவர் இருந்தால்தான் விரிசல் தெரியும். வள்ளி திருமணத்தில் ஒரே முருகன் வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வருவதில் இருக்கும் சுவை, நமக்கு அவன் யாரென்று தெரியும், வள்ளிக்குத் தெரியாது என்பதில் இருக்கிறது. மிக் ஃபோலி என்ற மல்லர் 1998 ராயல் ரம்பிள் மல்யுத்த நிகழ்ச்சியில் தன் மூன்று வேடங்களிலும் ஒரே இரவில் தோன்றினார். நம் நாட்டில் இந்தச் சுவரின் உயரத்தை அளக்க எம்.என். நம்பியாரைவிட நல்ல கோல் கிடையாது. திரையில் எம்.ஜி.ஆரிடம் அடிவாங்கியே வில்லனாக நிலைத்த அவர், வாழ்க்கையில் குடிப்பழக்கம் இல்லாத சைவ உணவுக்காரர். ஆண்டுதோறும் சபரிமலைக்குக் கூட்டம் கூட்டமாகப் பக்தர்களை அழைத்துப்போன குருசாமி. எம்.ஜி.ஆரின் நல்லவன் வேடத்துக்குப் பாதிப் பலம் கொடுத்தவர் அவர்தான் என்றால் மிகையில்லை.

ஆனால் எம்.ஜி.ஆரின் பேரைச் சொன்னதும் சுவர் இடிகிற இடத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தின் பெயர் ஆண்டிபட்டி. மேடையை விட்டு இறங்கிய பின்னும் வேடத்தைக் கலைக்காமல் இருப்பதை மல்யுத்தத் தொழிலில் கேஃபேப் என்பார்கள். 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டித் தொகுதி வேட்பாளர். ஆனால் அவர் இருந்ததோ அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனை ஒன்றில். ஒரு நாள்கூடத் தொகுதிக்கு வரவில்லை. அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வீடியோதான் ஊர் ஊராக வந்தது. ஜெயித்தார். மக்கள் ஏமாந்தார்கள் என்று இதைச் சுருக்குவது சோம்பேறித்தனம். சத்துணவுத் திட்டம் முதலான காரணங்கள் அந்த வாக்குகளுக்குப் பின்னால் இருந்தன. என்றாலும் திரையில் பல ஆண்டுகள் வளர்ந்த ஒரு பாத்திரம் ஆள் இல்லாமலேயே நிற்க முடிந்தது என்பதும் உண்மை. மேசை விளையாட்டுக்கு இதிலிருந்து கிடைப்பது பாடம் என்பதைவிட எச்சரிக்கை. பாத்திரத்தின் பகை ஆட்டக்காரர்களின் பகையாகாமல் இருக்கவேண்டுமானால், மேசையைவிட்டு எழும்போது வேடத்தைக் கழற்றிவைக்க வேண்டும். கேஃபேப் கடன் வாங்கக் கூடாத பண்டம்.

கடன் வாங்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. அதில் எனக்குச் சமாதானமே இல்லை. மல்யுத்தத்தின் வில்லன்களில் பெரும் பங்கு பிறப்பால் வில்லனாக்கப்பட்டவர்கள். ஈரானியன், ஜப்பானியன், இந்தியன் என்றாலே போதும், கூட்டம் கூவத் தொடங்கும். ஸ்பெஷல் நாடகத்து நகைச்சுவையும் பெண்ணைக் கிண்டல் செய்துதான் பல நேரம் கைத்தட்டல் வாங்குகிறது. மாயக்கதை விளையாட்டிலும் இதே நோய் இருந்தது: ஓர்க் என்ற கற்பனை இனத்தவன் என்றால் கொடியவன், கேள்வியே இல்லை. அதை மாற்றப்போவதாக 2020இல் அறிவித்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2024 விதிநூலில் 'இனம்' என்று பொருள்படும் சொல்லையே கைவிட்டது. சாதியை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் இன்னும் சாகாத ஒரு மண்ணில் ஆடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கான மாற்றும் மல்யுத்தத்திலேயே உண்டு. பத்தாண்டுக்கு மேல் குழந்தைகளின் நாயகனாக இருந்த ஹல்க் ஹோகன் 1996 ஜூலையில் ஒரே இரவில் வில்லனானார்; பிறப்பு மாறவில்லை, செய்கை மாறியது. கூட்டம் மேடைமேல் குப்பையை வீசியெறிந்தது. வில்லனை அப்படித்தான் ஆக்க வேண்டும்: என்ன செய்தான் என்பதால்.

ஆமூருக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். கிள்ளியின் பெயர் தெரியும், அவன் அப்பன் பெயர் தெரியும், பாடியவர்களின் பெயர்கள் தெரியும். அவனிடம் விழுந்த மல்லனின் பெயர் மட்டும் பாட்டில் இல்லை. ஆமூர் அவனுடைய சொந்த ஊராக இருந்திருந்தால், கூட்டத்தில் வெற்றி இல்லை என்று கத்திய பாதிப்பேர் அவனுக்காகக் கத்தியவர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கால், மார்பில் ஒரு கால். அந்தப் பிடிக்குள் அவன் எவ்வளவு நேரம் தாங்கினான் என்பதைப் பொறுத்துத்தான் கிள்ளி பாட்டுடைத் தலைவனாகிறான். கிள்ளியாக ஆடுவதற்கு மேசையில் நாலு பேரும் கை தூக்குவார்கள். அந்தப் பேரில்லாத மல்லனின் தாள் யாரும் எடுக்காமல் நடுவில் கிடக்கிறது. அதில் ஆறு எண்களும் காலியாக இருக்கின்றன.